கடல்மல்லையும் கழுக்குன்றமும்: முதியோர் யாத்திரைக்குச் சில குறிப்புகள்

செங்கல்பட்டில் நான் குடியேறி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கொளவாய் ஏரிக்கரைக்கு அருகில் வீடு. தென்மாவட்டங்களிலிருந்து வரும் உறவினர் பலரும் செங்கல்பட்டு நிலையத்தில் இறங்கி, என் வீட்டில் ஒருநாள் தங்கி, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், திருவிடந்தை ஆகிய தலங்களைச் சேவித்துச் செல்வது வழக்கம். அவர்களுக்கு வழிகாட்டியாகச் சென்று சென்று, இந்தக் கடற்கரைத் தலங்களில் முதியோர் எவ்வாறு நடந்துகொண்டால் நலமாகத் திரும்பலாம் என்பதை ஓரளவு அறிந்திருந்தேன். எல்லாம் அறிந்துவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் சென்ற தை மாதத்தில் சற்றுக் குறைந்தது.

திருநெல்வேலியிலிருந்து என் தமக்கையார் வந்திருந்தார். வயது எழுபத்தாறு. உடன் அவருடைய பேத்தியும் வந்திருந்தாள். தமக்கையாருக்கு மூன்று ஆசைகள். சிறுவயதில் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிய வேதகிரி மலையை மீண்டும் ஒருமுறை ஏறிவிட வேண்டும்; மாமல்லபுரத்தில் கடலாட வேண்டும்; திருவிடந்தையில் பேத்திக்குத் திருமணம் கூடிவர மாலை சாற்ற வேண்டும். மூன்றும் அவர் நினைத்தபடி நடைபெறவில்லை. ஆயினும் குறையோடு அவர் ஊர் திரும்பவில்லை. அது எவ்வாறு என்பதைத் தலக் குறிப்புகளோடு சேர்த்து எழுதுகிறேன். எங்களைப் போன்ற வயதுடையோருக்குப் பயன்படலாம்.

புறப்படும் முன்

இந்தக் கடற்கரைப் பகுதிக்கு வரத் தை, மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. சித்திரை, வைகாசியில் கோயில் பிராகாரத்துக் கருங்கற்கள் அடுப்புக்கல் போலச் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரக்கூடும். சித்திரைப் பெருவிழாவைக் காண விரும்புவோர் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே செல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மூன்று தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாகன ஓட்டுநர்கள் கூறுவார்கள். தொலைவைப் பார்த்தால் அது உண்மைதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் மீண்டும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் வெயிலில் காத்திருப்பதே முதியோரைச் சோர்வடையச் செய்கிறது. இரண்டு நாள்களாகப் பிரித்துக்கொண்டு, இடையில் மாமல்லபுரத்தில் ஓர் இரவு தங்குவது நல்லது.

கைப்பையில் இருக்க வேண்டியவை: வழக்கமான மருந்துகள் இரண்டு நாளுக்கு அதிகமாக, குடிநீர், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறிது தின்பண்டம், ஒரு குடை, பருத்திக் காலுறை ஒரு சோடி. உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால், கைபேசி இளையவர் கையில் இருக்கும். நாம் மட்டும் தனியே நிற்போம்.

திருக்கழுக்குன்றம்: ஏற இயலாதவர்க்கும் வழி உண்டு

நான்கு வேதங்களும் மலையாக நின்ற தலம் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்துத் தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும் எழுந்தருளியுள்ளனர். ஊரின் பெரிய திருக்குளமான சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும். முற்காலத்தில் நண்பகலில் இரு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் அமுதுண்டு சென்றதைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். தமக்கையாரும் கண்டிருக்கிறார். கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மலைக்கு ஏறத்தாழ 565 படிகள். செங்குத்தான படிகள் அல்லவெனினும், முழங்கால் வலி உடையவர்களுக்கு எளிதல்ல. ஏற விரும்புவோர் காலை வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கிவிட வேண்டும். மலைக்கோயிலும் தாழக்கோயிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் எனக் கொள்ளாமல், முதல்நாளே விசாரித்துக்கொள்வது அவசியம். கையில் வாழைப்பழமோ, பிரசாதப் பையோ தெரியும்படி எடுத்துச் சென்றால் குரங்குகள் பறித்துக்கொள்ளும். ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் காலக் குடைவரை உள்ளது. ஏறும்போதைக் காட்டிலும் இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை மிகுதி என்பதை மறக்கலாகாது.

தமக்கையார் நாற்பது படிகள் ஏறினார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். டோலி அமர்த்தலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம், தம்பி. அன்றைக்கு நீ அப்பாவின் தோளில் ஏறிச் சென்றாய். நான் நடந்தேன். என் கனத்தை இன்னொருவர் தோளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை,” என்றார்.

டோலியில் செல்வதில் தவறேதும் இல்லை. சுமப்பவருக்கு அது பிழைப்பு. கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டு, வழியில் அவர்கள் இளைப்பாற நேரமளித்து, இறங்கியதும் பேசிய தொகையோடு குடிநீரும் கொடுத்து அனுப்புவதே மரியாதை. ஆனால் மனம் ஒப்பாதவரை வற்புறுத்துவதும் முறையன்று. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு” என்று நான் தொடங்கினேன். தமக்கையாரின் கண்கள் கலங்கியதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன்.

பேத்தி தனியே ஏறினாள். நாங்கள் இருவரும் ஒரு ஆட்டோவில் மலையை வலம் வந்தோம். வழியில் நால்வர் கோயில் இருக்கிறது. வேதமே மலையாக நிற்பதால் அதன்மேல் கால்வைக்க அஞ்சிய சமயக் குரவர் நால்வரும் இவ்விடத்தில் நின்றே பெருமானைப் பாடினர் என்பது தல மரபு. அதை நான் எத்தனையோ விருந்தினருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தகவலாகவே சொல்லியிருக்கிறேன். தமக்கையார் அதைக் கேட்டதும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கி, மலையை நோக்கி நெடுநேரம் கைகூப்பி நின்றார். “அவர்களே கீழே நின்றார்கள் என்றால் எனக்கு என்ன குறை?” என்றார். பிறகு தாழக்கோயிலில் அம்மையையும் அப்பனையும் நிதானமாகத் தரிசித்தோம். பேத்தி மலையிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை அங்கேயே அவர் நெற்றியில் இட்டாள்.

ஆகவே ஏற இயலாதவர்கள் தாழக்கோயிலையும் நால்வர் கோயிலையும் சேவித்து, மலையை நோக்கி வணங்கலாம். உடன் வரும் இளையவர்கள், ஏற முடியாதவரைப் படிக்கட்டின் ஓரத்தில் தனியே அமர்த்திவிட்டுச் செல்லாமல், நிழலும் நீரும் உள்ள இடத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துச் செல்ல வேண்டும்.

கடல்மல்லை: தரையில் பள்ளிகொண்டவன்

மாமல்லபுரத்துக்கு வருவோர் பெரும்பாலும் சிற்பங்களைக் காண வருகின்றனர். ஆனால் நம்மவர்க்கு இது முதலில் திருக்கடல்மல்லை. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று; பூதத்தாழ்வார் அவதரித்த தலம். தலசயனப் பெருமாள் இங்கு ஆதிசேடன்மேல் அன்றி, வெறுந்தரையில் பள்ளிகொண்டுள்ளார். தாயார் நிலமங்கைத் தாயார்.

புண்டரீக முனிவர் தாமரை மலர்களைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடியில் சாற்ற விரும்பினார். வழியை மறித்த கடல்நீரைக் கையால் இறைக்கத் தொடங்கினார். பெருமான் ஒரு முதியவராக வந்து பசிக்கிறது என்றார். முனிவர் உணவு கொண்டுவரச் சென்று திரும்பியபோது, அந்த மலர்களை ஏற்றுக்கொண்டு அங்கேயே தரையில் சயனித்திருந்தார். கடலைக் கடந்து செல்ல இயலாதவனிடம் கடலில் இருப்பவன் தானே வந்தான் என்பது இத்தலத்தின் வரலாறு.

பெருமாள் கோயில் ஊரின் நடுவில் உள்ளது. கோயிலுக்குப் பின்புறம் சில நிமிட நடையில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தையும் கிருஷ்ண மண்டபத்தையும் காணலாம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு என்பதால் அதைத் தொலைத்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரைக் கோயிலின் வாயிலிலிருந்து கோயில்வரை திறந்த வெளியில் நடக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள்ளோ, மாலை நான்கு மணிக்குப் பின்னரோ செல்வது நலம்.

இராசசிம்ம பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. சிவபெருமானுக்கு இரு சந்நிதிகள். இடையில் பள்ளிகொண்ட திருமால். 1984ஆம் ஆண்டு மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு இப்போது வழிபாடு நடைபெறுவதில்லை. எனவே சிலைகளின்மேல் குங்குமம் வைப்பதும், கல்லில் கற்பூரம் ஏற்றுவதும், எண்ணெய் விளக்கு வைப்பதும் கூடாது. பக்தியால் செய்கிறோம் என்றாலும், உப்புக்காற்றில் ஏற்கெனவே தேய்ந்துவரும் கல்லுக்கு அது கேடு. கைகூப்பி மனத்தால் வணங்குவதற்குத் தடையில்லை.

கடலாட வேண்டும் என்பது தமக்கையாரின் இரண்டாவது ஆசை. இக்கரையில் அலையின் இழுப்பு வலியது. இறங்குமிடத்திலேயே மணல் காலடியில் சரியும். இளைஞர்களுக்கே ஆபத்தான இடம். சேதுவைத் தவிர ஏனைய இடங்களில் அமாவாசை, பௌர்ணமி முதலிய புண்ணிய தினங்களில் மட்டுமே கடலாட வேண்டும் என்பது பெரியோர் கூறும் முறை. நாங்கள் சென்ற நாள் அத்தகைய நாளன்று என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பேத்தி ஒரு சிறு செம்பில் நீரை மொண்டு வந்தாள். அதையும் தலையில் தெளித்துக்கொள்ளாமல், பாட்டி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, “கடலை இறைத்தவரிடமே பெருமாள் வந்துவிட்டாரே, நான் இறங்கி என்ன செய்யப்போகிறேன்?” என்று கூறி, மீண்டும் கடலிலேயே விடச் சொன்னார்.

கடற்கரையில் வாழ்பவர்களிடம்

கடற்கரைக் கோயிலை ஒட்டி மீனவர் குப்பம் உள்ளது. படகுகளும் வலைகளும் அவர்களுடைய வாழ்வாதாரம். காயவைத்த வலையை மிதித்துக்கொண்டு நடப்பதோ, படகின்மேல் ஏறிப் படமெடுப்பதோ கூடாது. மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வதும் அவர்கள் கண்ணில் படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் துயரத்தைத் தாங்கியவை இக்கரைக் குப்பங்கள். அன்று என்ன நடந்தது என்று வேடிக்கையாகக் கேட்கலாகாது. அவர்களே கூறினால் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட ஒரு கல்வெட்டைப் பின்பற்றித் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மிகப் பழைமையான முருகன் கோயில் ஒன்றின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. கல்லால் செய்த வேல் ஒன்றும் அங்குள்ளது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்கு அருகில் இருக்கும் இந்த இடத்தைத் திருவிடந்தை செல்லும் வழியில் பார்த்துச் செல்லலாம். முருக பக்தர்கள் தவறவிடக் கூடாத இடம்.

மாசி மகப் பௌர்ணமியில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் இக்கரையில் கூடித் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்கள் குலதெய்வமான கன்னியம்மனை வழிபடுவர். மணலில் பீடம் அமைத்துப் பூசை செய்வர், திருமணங்களும் நடைபெறும். அது அவர்களுடைய கோயில். நம் வீட்டுத் திருமணத்தில் அறியாதவர் நுழைந்து படமெடுத்தால் நாம் பொறுப்போமா? அனுமதியின்றிப் படமெடுக்காமல், குறுக்கே நடக்காமல், சற்றுத் தள்ளி நின்று வணங்கிச் செல்வதே பண்பு.

மாமல்லபுரம் உளியோசை கேட்கும் ஊர். 1957 முதல் இங்கே சிற்பக் கல்லூரி நடைபெற்று வருகிறது. சிலை வாங்க விரும்புவோர், அது பூசைக்கா அழகுக்கா என்பதைச் சிற்பியிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். பூசைக்குரிய திருமேனிக்கு அளவும் இலக்கணமும் உண்டு. வீட்டில் வைக்கத்தக்க அளவைக் குடும்பத்துப் பெரியவரிடமோ, அர்ச்சகரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. பல நாள் உழைத்துச் செதுக்கியதைப் பாதி விலைக்குக் கேட்பது தெய்வத் திருமேனிக்கு நாம் கூறும் விலையாகவும் ஆகிவிடும்.

திருவிடந்தை: மாலையும் மரியாதையும்

மறுநாள் காலை திருவிடந்தை சென்றோம். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராக மணந்து, இறுதியில் அனைவரையும் ஒருவராக்கித் தம் இடப்பாகத்தில் ஏற்றவர் இத்தலத்துப் பெருமான். ஆதலால் நித்திய கல்யாணப் பெருமாள். மூலவர் வராக மூர்த்தி. ஒரு திருவடியை ஆதிசேடன்மேல் வைத்து, அகிலவல்லித் தாயாரை இடப்புறத்தில் தாங்கி நிற்கிறார். கோமளவல்லித் தாயாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. உற்சவரின் கன்னத்தில் இயல்பாகவே அமைந்த திருஷ்டிப் பொட்டைச் சேவிக்க மறக்கக் கூடாது.

மணமாகாதவர் அர்ச்சனை செய்து, பெருமாளுக்குச் சாற்றிய மாலையைப் பெற்று, கழுத்தில் அணிந்து பிராகாரத்தை ஒன்பது முறை வலம் வருவர். அம்மாலையை வீட்டில் பாதுகாத்து, மணமானபின் தம்பதியாக அதே மாலையுடன் வந்து சேவிப்பர். இதுவே இங்குள்ள வழக்கம்.

இங்குதான் நான் தவறு செய்தேன். வரிசையில் எங்களுக்கு முன் நின்ற ஒருவர், “பெண்ணுக்கா? என்ன வயது?” என்று கேட்டார். வழிகாட்டிப் பழகிய நாக்கு. பேத்தியின் வயது, படிப்பு, வேலை, நட்சத்திரம், தட்டிப்போன இரண்டு வரன்கள் என அனைத்தையும் சொல்லிவிட்டேன். சுற்றிலும் நின்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தனர். அவள் ஒன்றும் பேசாமல் மாலைத் தட்டைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, வரிசையைவிட்டு விலகிக் கொடிமரத்துக்கு அப்பால் போய் அமர்ந்தாள்.

தமக்கையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இந்தப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் எப்படிப் பாடினார் என்று நீதானே காரில் சொன்னாய்?” என்று மட்டும் கேட்டார்.

ஆழ்வார் இத்தலத்தில் தாமே ஒரு தாயாகி, மகளின் நிலையைச் சொல்லி, இவள் திறத்தில் உன் திருவுள்ளம் என்ன என்று பெருமானைக் கேட்கிறார். அவர் கேட்டது பெருமானிடம். நானோ வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சென்று, “தவறு என்னுடையது, அம்மா. மன்னித்துவிடு,” என்றேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “தாத்தா, மாலையை அணிந்து சுற்ற எனக்குத் தயக்கமில்லை. பாட்டிக்காகவும் சுற்றுவேன், எனக்காகவும் சுற்றுவேன். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று மட்டும் வெளியே வந்ததும் கேட்காதீர்கள்,” என்றாள்.

ஒன்பது முறையும் அவள் வலம் வந்தாள். நாங்கள் மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். அவள் என்ன வேண்டினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. தமக்கையாரும் கேட்கவில்லை.

ஆகவே இத்தலத்துக்கு வரும் பெரியோருக்கு என் விண்ணப்பம் ஒன்று. மாலையேந்தி நிற்கும் பெண்ணிடமோ, பிள்ளையிடமோ வயதைக் கேட்க வேண்டாம். “சீக்கிரம் நடக்கும்” என்ற ஆறுதலையும் கேட்காமல் கூற வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் அயலாரிடம் பேச வேண்டாம். அவர்கள் சார்பாக நாம் பேசத் தக்க இடம் சந்நிதி ஒன்றே.

திரும்பும் வழியில்

நேரமும் உடல்வலிமையும் இருப்பின், செங்கல்பட்டுக்குத் திரும்பிய பிறகு, சென்னை செல்லும் வழியில் சிங்கப்பெருமாள்கோயிலில் முக்கண் நரசிம்மரைச் சேவிக்கலாம். குடைவரைக் கோயில் ஆதலால் மூலவரை வலம் வர விரும்புவோர் அந்தக் குன்றையே வலம் வர வேண்டும். நாங்கள் செல்லவில்லை. தமக்கையார் களைத்திருந்தார். சேவிக்க வேண்டிய தலம் ஒன்று மிச்சம் இருந்தால், மீண்டும் வருவதற்கு ஒரு காரணமும் இருக்கும் அல்லவா?

இரவு இரயிலில் இருவரையும் ஏற்றிவிட்டேன். மேற்பலகையில் மாலை வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள் பேத்தி. சன்னலருகே அமர்ந்திருந்த தமக்கையார், “மலை ஏறவில்லை, கடலாடவில்லை. ஆனாலும் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டேன், தம்பி,” என்றார்.

வயது ஏற ஏற நாம் செல்லக்கூடிய தொலைவு குறைகிறது. கழுக்குன்றத்தில் அடிவாரத்திலும் அருள்கிறான். கடல்மல்லையில் தரைக்கே இறங்கி வந்திருக்கிறான். திருவிடந்தையில் நாம் சொல்லாததையும் கேட்கிறான். உடலுக்கு இயன்றதைச் செய்து, உடன் வருவோரின் மனம் நோகாமல் நடந்தால் அந்த யாத்திரையில் குறை ஏதும் இல்லை. தை பிறந்ததும் புறப்படுங்கள். வேதகிரியானும் தலசயனனும் துணை நிற்பார்களாக.